கோழி கொடுத்தால் மட்டும் போதாது

(மதரஸா கூடத்தில் நடந்த வாழ்வாதார உதவிக் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



 

அழைப்பிதழில் 'புறக்கடைக் கோழி வளர்ப்பு - விளக்க உரை' என்று போட்டிருக்கிறார்கள். விளக்கம் சொல்வதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு கணக்கு சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஜனவரியில் 18 குடும்பங்களுக்கு, தலைக்குப் பத்து வீதம் நாட்டுக்கோழிக் குஞ்சுகள் கொடுத்தோம். ஒரு மாதக் குஞ்சு, ஒன்று 90 ரூபாய். மொத்தம் 180 குஞ்சுகள், 16,200 ரூபாய். நீங்கள் நோன்பு காலத்தில் கொடுத்த ஜகாத் பணம் அது. கொடுத்த அன்று படம் பிடித்தோம். நம் இதழில் அரைப் பக்கம் செய்தி போட்டோம். பலரும் பாராட்டினீர்கள்.

ஏப்ரலில் வீடு வீடாகப் போய் எண்ணிப் பார்த்தபோது உயிரோடு இருந்தவை 31. இந்தச் செய்தியை நாம் இதழில் போடவில்லை. போடாதது என் தவறு. அதனால்தான் இன்று உங்கள் முன்னால் நின்று சொல்கிறேன்.

சிலவற்றைக் கீரி பிடித்தது, சிலவற்றை நாய் கொண்டுபோனது. ஆனால் பெரும்பகுதி, பிப்ரவரி கடைசியிலிருந்து மூன்றே வாரத்தில், ஒரே நோயில் போய்விட்டது. வெள்ளைக்கழிச்சல் நோய். ஆங்கிலத்தில் ராணிக்கெட் என்பார்கள். இமயமலைப் பக்கம் இருக்கும் ஓர் ஊரின் பெயர் அது.

இறந்துபோன கோழிகளைவிட என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. கணவரை இழந்த ஒரு லாத்தா நம் அலுவலகத்துக்கு வந்தார். நாம் கொடுத்த பிளாஸ்டிக் தண்ணீர்க் குடுவையைக் கழுவித் துடைத்து, ஒரு பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். "தம்பி, இத வேற யாருக்காச்சும் குடுங்க. எனக்குப் பாத்துக்கத் தெரியல. உங்க காசைப் பாழாக்கிட்டேன்" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் ஒன்றையும் பாழாக்கவில்லை. தடுப்பூசி போடாத குஞ்சுகளைச் சந்தையிலிருந்து வாங்கி, அப்படியே அவர் கையில் கொடுத்தது நாம். ஆனால் பழியை அந்தப் பெண் தன் தலையில் போட்டுக்கொண்டு போனார். உதவி செய்கிறோம் என்று நினைத்து, ஓர் ஏழைப் பெண்ணுக்குத் தன் கைமேல் இருந்த நம்பிக்கையை நாம் எடுத்துவிட்டோம்.

ஹஜ்ரத்திடம் கேட்டேன். குஞ்சுகளை அவர்களுக்கே உரிமையாக்கிக் கொடுத்துவிட்டதால் ஜகாத் நிறைவேறிவிட்டது என்றார்கள். அதோடு ஒரு கேள்வியும் கேட்டார்கள்: "ஜகாத் நிறைவேறியது, உங்கள் பொறுப்பு நிறைவேறியதா?"

அபூதாவூதில் பதிவாகியிருக்கும் ஒரு செய்தி நம் எல்லோருக்கும் தெரியும். உதவி கேட்டு வந்த ஓர் அன்சாரித் தோழரின் வீட்டுப் பொருள்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் கோடரி வாங்கி வரச் செய்து, விறகு வெட்டிப் பிழைக்க அனுப்பி வைத்தார்கள். யாசகம் கூடாது என்பதற்காக இந்தச் செய்தியை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். நான் இப்போது அதில் வேறு இரண்டு இடங்களைப் பார்க்கிறேன். கோடரிக்குக் காம்பைத் தம் கையாலேயே பொருத்திக் கொடுத்தார்கள். பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். கொடுத்த பொருள் வேலைக்கு ஆகிற நிலையில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு என்ன ஆயிற்று என்று கேட்க ஒரு தவணையும் வைத்தார்கள். நாம் இரண்டையும் செய்யவில்லை.

அந்த 31 கோழிகளில் 9 கோழிகள் ஒரே வீட்டில் இருந்தன. அந்தச் சகோதரியிடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை கோழிக்கழிச்சல் நோய்க்கு இருவார முகாம் நடத்தி இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது. பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் தம் கோழிகளைக் கொண்டு போனபோது, இவரும் பத்துக் குஞ்சுகளையும் கூடையில் போட்டு மூடி எடுத்துப் போயிருக்கிறார். அவ்வளவுதான். ஒன்றைக் கீரி பிடித்தது. ஒன்பது நின்றன. நம் அலுவலகத்திலிருந்து கால்நடை மருந்தகம் நடந்து போகும் தூரம்தான். அந்த முகாம் பற்றி மற்ற 17 வீடுகளுக்கு நாம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

இனி விளக்கத்துக்கு வருகிறேன். முதலில் இந்த நோயைப் பற்றியே சொல்கிறேன். மற்றதையெல்லாம் நம் நன்னிமார்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். இது ஒன்றுதான் அவர்கள் கையையும் மீறிப் போனது.

வெள்ளைக்கழிச்சல் கண்ட கோழி இரை எடுக்காது. இறக்கை தொங்கும். வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சிலது கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றும். இது வைரஸ் நோய். வந்த பிறகு குணப்படுத்த மருந்து இல்லை. வராமல் தடுக்க மட்டுமே முடியும்.

குஞ்சு பொரித்த ஐந்து முதல் ஏழு நாளுக்குள் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து. நான்காவது வாரம் மறுபடி ஒரு சொட்டு மருந்து. எட்டாவது வாரம் இறக்கையில் தோலுக்கு அடியில் ஊசி. அதன்பின் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் திரும்பப் போட வேண்டும். நோய் கண்டு வாடியிருக்கும் கோழிக்குப் போடக்கூடாது. நன்றாக இருக்கும்போதே போட வேண்டும். இதுதான் முறை.

இவ்வளவு சுலபம் என்றால் ஏன் வீட்டில் வளர்ப்பவர்கள் போடுவதில்லை? காரணத்தை மருத்துவரிடம் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. தடுப்பு மருந்து சின்னக் குப்பியில் வருகிறது. ஒரு குப்பியில் நூறு, இருநூறு கோழிகளுக்கு உரிய மருந்து இருக்கும். ஐஸிலேயே வைத்து எடுத்து வர வேண்டும். திரவத்தில் கலக்கிவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொள்ள முடியாது. ஆறு கோழி வைத்திருக்கும் ஒரு பெண் நூறு கோழிக்கான மருந்தை வாங்கி என்ன செய்வார்? ஐஸ் பெட்டிக்கு எங்கே போவார்?

சகோதரர்களே, இது ஒரு வீட்டால் முடியாத காரியம். ஒரு தெருவால் முடியும். ஒரு தெருவின் கோழிகளை ஒரே அதிகாலையில் பிடித்தால் ஒரு குப்பி தீர்ந்துவிடும். அது மட்டுமல்ல. நோய் வேலி பார்த்து வருவதில்லை. என் கோழிக்கு ஊசி போட்டு உங்கள் கோழிக்குப் போடாவிட்டால், தெருவில் நோய் இருந்துகொண்டேதான் இருக்கும். மாற்றுமத அண்டை வீட்டாரின் கோழிகளுக்கும் சேர்த்துத்தான் போட வேண்டும். ஜமாஅத் என்ற சொல்லுக்கே கூட்டாக நிற்பது என்றுதானே பொருள். அறக்கட்டளை செய்ய வேண்டிய வேலை குஞ்சு வாங்கிக் கொடுப்பதைவிட, அந்தக் குப்பியை மாதம் ஒருமுறை தெருவுக்குக் கொண்டுவருவதுதான் என்பதை 149 கோழிகளை இழந்த பிறகு கற்றுக்கொண்டோம்.

அடுத்தது, எத்தனை கோழி? நம் வீடுகளுக்கு ஐந்து பெட்டை, ஒரு சேவல் போதும். பத்து, இருபது என்று போனால் தீனி வாங்க வேண்டி வரும், இடம் நாறும், அண்டை வீட்டார் மனம் வருந்தும்.

எந்த இனம்? நம் ஊர்ச் சிறுவிடை ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். குறைவுதான். ஆனால் தானே மேய்ந்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும், தானே அடைகாக்கும், குஞ்சைப் பருந்திடமிருந்து காக்கும். வனராஜா, கிராமப்பிரியா போன்று ஆராய்ச்சி நிலையங்கள் உருவாக்கிய இனங்கள் கூடுதலாக முட்டை இடும். ஆனால் அவை பெரும்பாலும் அடைகாக்காது, கொஞ்சம் தீவனமும் கேட்கும். முட்டைதான் வேண்டும் என்பவர்கள் அவற்றை வைக்கலாம். தானாகப் பெருக வேண்டும் என்றால் சிறுவிடைதான். இரண்டு வகையும் வைத்திருப்பவர்கள் அந்த முட்டையைச் சிறுவிடைப் பெட்டைக்கு அடைவைத்துக்கொள்கிறார்கள்.

ஐந்து சிறுவிடைக்குக் கணக்குப் போடுங்கள். ஆண்டுக்கு 300 முதல் 400 முட்டை. அடைக்குக் கொஞ்சம் வைத்தாலும் கிட்டத்தட்ட நாளுக்கு ஒரு முட்டை. ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைக்குப் பள்ளி நாளில் முட்டை கிடைத்துவிடுகிறது. பள்ளிக்குப் போகாத கைப்பிள்ளைக்கும், கர்ப்பிணிக்கும், படுத்திருக்கும் பெரியவருக்கும் வீட்டு முட்டை வேண்டும். அவர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதை விற்றுக்கொள்ளலாம். நம் ஊரில் நாட்டு முட்டை 12 ரூபாயிலிருந்து 15 ரூபாய் வரை போகிறது. பெரிய வருமானம் இல்லை. ஆனால் அது அந்தப் பெண்ணின் சொந்தக் காசு. நோட்டுப் புத்தகத்துக்கும் சோப்புக்கும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

இராத் தங்கும் இடம் முக்கியம். பகலில் மேயட்டும். மஃரிபுக்கு முன்னால் அடைத்துவிட வேண்டும். மரநாய் இரவில்தான் நம்மைச் சோதிக்கும். ஆறு கோழிக்கு நாலு அடிக்கு மூன்று அடிக் கூண்டு தாராளம். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கால் வைத்துச் செய்யுங்கள். பழைய பலகை போதும். ஆனால் காற்று வருவதற்கு அடிக்கும் வலை மட்டும் அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த கம்பி வலையாக இருக்கட்டும். பெரிய கண் வலையில் கீரி தலையை நுழைத்துவிடும். நுழைத்துவிட்டால் ஒன்றோடு விடாது. நீளவாக்கில் கிழக்கு மேற்காக வைத்தால் வெயில் நேராக உள்ளே அடிக்காது. உள்ளே ஏறி உட்கார ஒரு கழி கட்டுங்கள். முட்டையிட ஒரு பழைய கூடையில் வைக்கோல் பரப்பி இருட்டு மூலையில் வையுங்கள். கூண்டுக்கு வசதி இல்லை என்றால் பஞ்சாரம் வாங்கிக் கவிழ்த்து மேலே ஒரு கல்லை வைத்துத் திண்ணைக்குள் வையுங்கள். நம் நன்னி செய்தது அதுதானே.

தீனி. சோற்று மிச்சம், குருணை, தவிடு, கம்பு, நறுக்கிய கீரை, முருங்கை இலை. ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கிளிஞ்சல் தூளோ, காயவைத்துப் பொடித்த முட்டை ஓடோ ஒரு சிரட்டையில் தனியாக வையுங்கள். குஞ்சுகளுக்குப் புரதம் வேண்டும். அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, கறையான் இருக்கும் இடத்தில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் பானை நிறையக் கறையான். செலவே இல்லை. பூஞ்சை பிடித்த தானியத்தை மட்டும் போடாதீர்கள். அது விஷம். கோழிதானே என்று நினைக்க வேண்டாம்.

தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் காலையும் மதியமும் மாற்ற வேண்டும். கட்டி வைத்த பூனைக்குத் தீனியும் போடாமல், அவிழ்த்தும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கூண்டில் அடைத்த கோழியும் அப்படித்தான். மேய விட்டால் அது பிழைத்துக்கொள்ளும். அடைத்துவிட்டால் அதன் ரிஸ்கு நம் கை வழியாகத்தான் வர வேண்டும். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

அடைவைப்பது. ஒரு பெட்டைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை போதும். ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டையாகப் பார்த்து வையுங்கள். ஏழாம் நாள் இருட்டில் கைபேசி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் கரு பிடித்தது தெரியும், நரம்பு ஓடியிருக்கும். தெளிவாக இருப்பது கூமுட்டை, எடுத்துவிடுங்கள். 21 நாளில் பொரிக்கும். அடையில் இருக்கும் பெட்டைக்குப் பக்கத்திலேயே இரையும் தண்ணீரும் வையுங்கள்.

மற்ற நோய்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் வருவது அம்மை, கொசுவால் பரவும், அதற்கும் தடுப்பூசி உண்டு. குஞ்சுகளுக்கு இரத்தமாகக் கழிவது ஈரத் தரையால் வருவது. கூண்டை உலர்வாக வைத்தாலே பெரும்பாலும் வராது. வந்தால் மருந்து உண்டு, மருத்துவரிடம் ஓடுங்கள். மருந்து கொடுத்த கோழியின் முட்டையையும் கறியையும் எத்தனை நாள் கழித்துச் சாப்பிடலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே சமயத்தில் பல கோழிகள் செத்தால் மறைக்காமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலாக இருந்தால் மனிதருக்கும் ஆபத்து.

சென்ற ஆண்டு நோய் வந்தபோது, 'செத்துப்போவதற்குள் அறுத்துவிடலாம்' என்று சில வீடுகளில் அறுத்திருக்கிறார்கள். அந்த வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் தானாகச் செத்தது நமக்கு ஹராம் என்பது ஒருபுறம் இருக்க, நோயில் துடிக்கும் கோழியை அறுத்துக் கழிவைத் தெருவில் போட்டால், அந்த இறகும் இரத்தமும் நோயை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகும். செத்த கோழியை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுங்கள். அதை விற்பது பெரும் பாவம்.

இனி அறுப்பு. வளர்த்தவர்கள் எல்லோருக்கும் வருகிற நாள் இது. பெட்டைகளை வைத்துக்கொண்டு, மிகுதியான சேவல்களை ஐந்து ஆறு மாதத்தில் அறுக்கலாம். முட்டை நின்ற பெட்டையையும் அறுக்கலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கோழி இறைச்சி உண்டதை அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள்.

மேய்ந்த கோழி கண்ட இடத்தில் கொத்தியிருக்கும். அசுத்தம் தின்று பழகிய கோழி என்றால் மூன்று நாள் கட்டிவைத்து நல்ல தீனி கொடுத்து அறுப்பது நம் முன்னோர் வழக்கம். இப்னு உமர் (ரலி) அவர்களும் அப்படிச் செய்ததாக வந்திருக்கிறது. வயிற்றுக்கும் அதுதான் நல்லது. அறுப்பதற்கு முந்தைய இரவு தீனியை நிறுத்துங்கள். தண்ணீரை நிறுத்தாதீர்கள். கழுத்தடியில் இருக்கும் தீனிப் பை காலியாக இருந்தால் சுத்தம் செய்யும்போது கறியில் அசுத்தம் படாது.

எல்லாவற்றையும் அழகுறச் செய்யும்படி, அறுப்பதையும்கூட அழகுறச் செய்யும்படி நமக்குக் கட்டளை இருக்கிறது. கத்தியை முன்பே தீட்டி வையுங்கள்; கோழியின் கண்முன்னால் தீட்டாதீர்கள். ஒன்றின் முன்னால் மற்றொன்றை அறுக்காதீர்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுத் தெருவெல்லாம் கொண்டுவராதீர்கள். இரண்டு கையாலும் இறக்கையோடு அணைத்து எடுத்து வாருங்கள். கிப்லாவின் பக்கம் திருப்பி, 'பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்' சொல்லி, மூச்சுக்குழாய், உணவுக்குழாய், இரண்டு பக்கத்து இரத்தக் குழாய்கள் நான்கும் அறுபடும்படி தயங்காமல் அறுங்கள். தலையை ஒரேயடியாகத் துண்டித்துவிடாதீர்கள். துடிப்பு முழுதும் அடங்கும் வரை விடுங்கள். உயிர் இருக்கும்போதே வெந்நீரில் போடுவது, இறகைப் பிடுங்குவது கூடவே கூடாது. கூட்டமான ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகளில் இந்த அவசரத்தை நாம் பார்க்கிறோம். நம் வீட்டில் அந்த அவசரம் வேண்டாம். ஒரு கோழிக்கு இரண்டு மூன்று நிமிடம் பொறுக்க முடியாதா?

அறுக்க ஆள் இல்லையே என்று கணவர் வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளும், துணை இழந்த சகோதரிகளும் கோழியைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஆள் தேடி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். தாய்மார்களே, பெண்கள் அறுக்கலாம். கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் ஆடு ஒன்று சாகும் நிலையில் இருந்தபோது, மேய்த்துக்கொண்டிருந்த பணிப்பெண் கூர்மையான கல்லால் அறுத்தார். அதை உண்ண நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். புகாரியில் இருக்கிறது. முறை தெரிந்தால் போதும். அதைக் கற்றுக்கொடுக்கப் பெண்கள் மதரஸாவின் ஆலிமா இசைந்திருக்கிறார்கள்.

இறகு பிடுங்க, கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். கை பொறுக்காத சூடு போதும், ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள். கொதிநீரில் ஊறவிட்டால் தோல் வெந்து கிழியும். குடல் எடுக்காத கோழியின் அசுத்தம் கறியில் இறங்குமோ என்ற மார்க்கப் பேச்சும் உண்டு. அறுத்த இடத்தை அதற்கு முன்பே கழுவிவிடுங்கள். குடலை எடுக்கும்போது பித்தப்பை உடையாமல் பாருங்கள்; உடைந்தால் கறி கசக்கும். கத்தி, பலகை, கை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே மற்ற காய்கறியைத் தொடுங்கள். உடனே சமைக்காவிட்டால் குளிர்பெட்டியில் வையுங்கள். கழிவைக் குழியில் புதையுங்கள். சாக்கடையில் போட்டுத் தெருநாய்களுக்குப் பழக்கம் காட்டாதீர்கள். பழகிய நாய் பிறகு உயிரோடு இருக்கிற கோழியைத்தான் தேடி வரும்.

இனி, நாம் திரும்பத் தொடங்கியதைச் சொல்லி முடிக்கிறேன்.

சென்ற செப்டம்பரில் ஆறு குடும்பங்களுக்கு மட்டும் கொடுத்தோம். தலைக்கு ஆறு கோழி. மூன்று தடுப்பு மருந்தும் போட்டு முடித்த, இரண்டரை மாதம் வளர்ந்த கோழிகள். விலை கூடுதல்தான், அதனால்தான் எண்ணிக்கையைக் குறைத்தோம். கூண்டையும் வலையையும் முதலில் அமைத்தோம், கோழி பிறகுதான் வந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒருவர் போய்ப் பார்த்தார். 36 கோழிகளில் இன்று 33 இருக்கின்றன. கூண்டைச் சாத்த மறந்தபோது இரண்டைக் கீரி கொண்டுபோனது, ஒன்றை நாய் பிடித்தது. நான்கு வீடுகளில் பெட்டைகள் அடை உட்கார்ந்து குஞ்சு இறக்கிவிட்டன.

தண்ணீர்க் குடுவையைத் திருப்பிக் கொடுத்த லாத்தா அந்த ஆறு பேரில் இல்லை. கேட்டோம். வேண்டாம் என்றுவிட்டார். சென்ற மாதம் அவர் தெருவில் பொரித்த குஞ்சுகளுக்குச் சொட்டு மருந்து போட ஐஸ் பெட்டியோடு போனோம். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், எங்கள் பிள்ளைகள் குஞ்சு பிடிக்கத் திணறுவதைப் பார்த்துத் தாமே இறங்கி வந்தார். ஒவ்வொரு குஞ்சாக உள்ளங்கையில் ஏந்தித் தலையை லேசாகச் சாய்த்துப் பிடித்தார். கண்ணில் ஒரு சொட்டு, மூக்கில் ஒரு சொட்டு. கடைசிக் குஞ்சை விட்ட பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இவ்வளவுதானா தம்பி?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இவ்வளவுதான் லாத்தா. இவ்வளவைத்தான் நாங்கள் செய்யாமல் விட்டோம்.

அடுத்த கட்டமாக 20 குடும்பங்களுக்குக் கொடுக்கப் போகிறோம். லாத்தாவின் பெயரும் அதில் இருக்கிறது; இந்த முறை அவரே கேட்டார். கோழியை ஜகாத் நிதியிலிருந்து வாங்கி முழு உரிமையாகக் கொடுப்போம். ஐஸ் பெட்டி, மருந்து, போக்குவரத்துச் செலவைப் பொது நன்கொடையிலிருந்து செய்வோம். இரண்டையும் கலக்க மாட்டோம். எத்தனை கொடுத்தோம், எத்தனை உயிரோடு இருக்கின்றன என்ற இரண்டு எண்ணிக்கையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே இதழில் வரும். நல்ல கணக்காக இருந்தாலும் வரும், கெட்ட கணக்காக இருந்தாலும் வரும்.

உங்களிடம் இந்த முறை பணத்தைவிட ஆள் கேட்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு, சுப்ஹு தொழுகை முடிந்ததும் இரண்டு மணி நேரம். தெருவுக்கு இரண்டு இளைஞர்கள், வீட்டுக்குள் போய்க் கோழி பிடிக்க இரண்டு சகோதரிகள். கோழி வைத்திருப்பவர்கள் முந்தைய நாள் இரவு அடைத்தே வைத்திருங்கள்; காலையில் திறந்துவிட்டால் துரத்திக்கொண்டு ஓட என் வயதில் முடியாது. வெளியில் கூண்டு செய்யும் தச்சர் இருந்தால் கூலி வாங்கிக்கொண்டே செய்து கொடுங்கள். பெயர்களை வாசலில் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.

வாயில்லாப் பிராணிகளும் ஏழைகளின் நம்பிக்கையும் அல்லாஹ் நம்மிடம் தந்திருக்கும் அமானிதங்கள். இரண்டையும் காக்கும் தவ்ஃபீக்கை அவன் நமக்குத் தருவானாக. சென்ற ஆண்டு நாங்கள் செய்த குறையை மன்னிப்பானாக. ஆமீன்.